நீண்ட தூரம் நடக்க முடியாத நாய்க்குத் தள்ளுவண்டில்: திருகோணமலை வீதிகளுக்கு எது தோது?

உப்புவெளி_நிலா

எல்லாருக்கும் வணக்கம்.

எங்கட ஜிம்மிக்கு 12 வயது. லப்ரடோர் கலப்பு, நிறை 24 கிலோ. இடுப்பு மூட்டு இரண்டும் தேய்ந்துவிட்டது என்று மிருக வைத்தியர் எக்ஸ்ரே பார்த்துச் சொன்னார், மாத்திரை போகிறது. வீட்டுக்குள்ளும் முற்றத்திலும் பிரச்சினை இல்லை. வெளியில் 200 மீற்றர் போனதும் குந்திவிடுவான், பிறகு தூக்கிக்கொண்டுதான் வரவேண்டும். ஆனாலும் பின்னேரம் சங்கிலியைக் கையில் எடுத்தால் படலையடியில் போய் நிற்கிறான். நடையை நிறுத்த எங்களுக்கு மனம் இல்லை.

தள்ளுவண்டில் ஒன்று எடுக்கலாம் என்று யோசிக்கிறோம். உறவுக்காரர் வீட்டில் பிள்ளைக்குப் பாவித்த மூன்று சில்லு வண்டில் சும்மா கிடக்கிறது. அதை மாற்றிப் பாவிக்கலாமா, நாய்க்கென்றே ஒன்லைனில் விற்பதை எடுப்பதா? எங்கட ஒழுங்கை மணல், அதைத் தாண்டினால் நிலாவெளி வீதி. கடற்கரைக்கும் தள்ளிக்கொண்டு போக முடியுமா? இந்த வெயிலில் உள்ளே சூடு ஏறாதா? வண்டிலில் ஏற்றிப் பழக்கினால் இருக்கிற கொஞ்ச நடையும் போய்விடும் என்று அம்மா பயப்படுகிறா. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நாலுகால்_நலம்

அம்மாவின் பயத்துக்கே முதலில் பதில் சொல்கிறேன் தங்கச்சி, அதுதான் இதில் முக்கியமான கேள்வி. மூட்டுத் தேய்ந்த நாய் நடக்காமல் இருந்தால் தொடைத் தசை வற்றும். தசை வற்றினால் முழுப் பாரமும் மூட்டில் விழும், நோ கூடும், அதனால் இன்னும் குறைவாக நடக்கும். வீட்டிலிருந்தே வண்டிலில் ஏற்றிக்கொண்டு போய் அப்படியே திருப்பிக் கொண்டுவந்தால் அம்மா சொல்வதுதான் நடக்கும். நடக்கவிட்டு, இடையில் வண்டிலில் இளைப்பாற வைத்து, மறுபடி நடக்கவிட்டால் ஒரு நாளில் அவன் நடக்கும் மொத்தத் தூரம் இப்போதையதை விடக் கூடும்.

கணக்கு இப்படி. 200 மீற்றரில் குந்துகிறான் என்றால் அது அவனுடைய எல்லை, அதன் பாதியான 100 மீற்றரில் நிறுத்துங்கள். அவன் குந்தும் வரை காத்திருக்க வேண்டாம். குந்துவதற்கு முன்பே அடையாளம் தெரியும்: பின்னங்கால் அடி குறுகும், தலை தாழும், நகம் தார் வீதியில் உரசும் சத்தம் கேட்கும், நின்று நின்று உங்களைத் திரும்பிப் பார்ப்பான். 100 மீற்றர் நடை, பத்து நிமிடம் வண்டில், மறுபடி 100 மீற்றர் நடை. முதல் கிழமைக்கு இது போதும். அடுத்த நாள் காலையில் எழும்பும்போது வழமையை விட விறைப்பாக இருந்தால் தூரத்தை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். ஒரு கிழமை முழுக்க விறைப்பு இல்லாவிட்டால் ஒவ்வொரு நடையிலும் 20 மீற்றர் கூட்டலாம். ஒரேயடியாக அரை மணித்தியாலம் நடப்பதை விடப் பத்துப் பத்து நிமிடமாக மூன்று தரம் நடப்பது மூட்டுக்கு நல்லது.

எந்தத் தரையில் நடக்கவிடுகிறீர்கள் என்பதும் முக்கியம். காய்ந்த பொருபொரு மணல் இடுப்பு மூட்டுக்கு மிகக் கடினம், கால் புதைந்து புதைந்து இழுபடும். ஆகவே உங்கள் ஒழுங்கையை வண்டிலில் கடந்துவிட்டு, புல்லோ இறுகிய தரையோ வந்ததும் இறக்குங்கள். பலபேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: மணலில் நடக்கவிட்டு நல்ல வீதியில் வண்டிலில் தள்ளுகிறார்கள்.

24 கிலோவைத் தூக்குவது பற்றி. வயிற்றுக்குக் கீழே கைகொடுத்துத் தூக்க வேண்டாம், முதுகு வளைந்து பின்பக்கம் தொங்கும், இடுப்பில் நோகும். ஒரு கை நெஞ்சைச் சுற்றி முன்னங்கால்களுக்கு முன்னால், மற்றக் கை பின்தொடைகளுக்குப் பின்னால், முதுகு மட்டமாக இருக்கத் தூக்க வேண்டும். இரண்டு பேர் என்றால் நல்லது. தனியாகப் போகும் ஆள் என்றால் சாய்பலகை வைத்துக்கொள்ளுங்கள். வண்டிலின் தளம் தரையிலிருந்து 45 செ.மீ. உயரம் என்றால் பலகை 150 செ.மீ. ஆவது வேண்டும், 180 செ.மீ. என்றால் இன்னும் இலகு. அதைவிடக் குட்டையானால் சரிவு கூடி, பின்னங்காலால் உந்த முடியாமல் பாதியில் நின்றுவிடுவான். வெறும் பலகை வழுக்கும், மேலே தும்புத் தடுக்கை ஆணியடித்து ஒட்டிவிடுங்கள்.

நிறையையும் பாருங்கள். விலா எலும்பு விரலுக்குத் தட்டுப்படாவிட்டால் அவன் தடித்திருக்கிறான். ஒன்றரை, இரண்டு கிலோ குறைந்தாலே நொண்டல் குறைவது கண்ணுக்குத் தெரியும். வண்டில் வந்த பிறகும் சோற்றளவை அப்படியே வைத்திருப்பது பலர் கவனிக்காத விடயம்.

கடைசியாக ஒன்று, இதை அழுத்தியே சொல்கிறேன். மனிதருக்குத் தரும் பனடோல், இபுபுரூபன் எதையும் நோவுக்கென்று நாய்க்குக் கொடுக்காதீர்கள். ஈரலும் சிறுநீரகமும் கெடும், குடலில் புண் வரும், உயிரும் போகலாம். திடீரென்று ஒரே நாளில் பின்னங்கால் இழுத்தால், முரசு (பல் ஈறு) வெளிறினால், இருமலோடு களைத்தால் அது வழமையான மூட்டுத் தேய்வு அல்ல. உண்ணிக் காய்ச்சல், முள்ளந்தண்டு, இதயம் எதுவாகவும் இருக்கலாம், அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

சில்லும்_செயினும்

சாமான் பக்கத்தை நான் சொல்லுறன்.

தங்கச்சி, பிள்ளை வண்டிலில முதல் பார்க்கவேண்டியது அதில ஒட்டியிருக்கிற லேபிள். கனக்க வண்டில்கள் 15 கிலோவுக்குச் செய்தவை, கொஞ்சம் பலமானவை 22 கிலோ வரைக்கும். ஜிம்மி 24, மெத்தையும் தண்ணியும் சேர்த்தா 27. கூடப் பாரம் ஏத்தினா சட்டம் முறியுறதில்லை, மூண்டு இடம்தான் போகும்: முன் சில்லு திரும்புற பிளாஸ்ரிக் கூடு வெடிக்கும், மடிக்கிற மூட்டில இருக்கிற பூட்டு தேய்ஞ்சு திடீரெண்டு மடியும், பின் சில்லைக் கழட்டிப் பூட்டுற கிளிப் நழுவும். இரண்டாவதுதான் ஆபத்து, நாய் உள்ள இருக்கேக்க மடிஞ்சா காலோ விரலோ நசியும். நாய் வண்டில் ஒன்லைனில வாங்குறதெண்டாலும் நிறையை விட மூண்டில ஒரு பங்காவது கூடத் தாங்கும் எண்டு எழுதினதை எடுங்கோ. 24 கிலோவுக்கு 32 கிலோ எண்டு வையுங்கோ.

அடுத்தது சில்லு. ஒன்லைனில மலிவாக் கிடைக்கிற நாலு சில்லு நாய் வண்டில்களில சில்லு உள்ளங்கையளவுதான் இருக்கும். காப்பெற் வீதியில ஓடும். எங்கட ஒழுங்கை மணலில முன் சில்லு புதைஞ்சு நிண்டுடும், நீங்க தள்ளத் தள்ள வண்டில் முன்னுக்குக் குப்புறும். காத்தடிக்கிற 12 அங்குலச் சில்லாவது வேணும். ரயரில 12½ × 2¼ எண்டு போட்டிருந்தா நல்லது, அது சின்னப்பிள்ளைச் சைக்கிளின் அளவு, ரயரும் ரியூப்பும் எந்தச் சைக்கிள் கடையிலயும் எடுக்கலாம். ரியூப் எடுக்கேக்க வால்வு வளைஞ்சதா எண்டு கேளுங்கோ. பிளாஸ்ரிக் றிம்மில இடம் காணாது, நேர் வால்வு எண்டா பம்ப் தலை உள்ள போகாது.

பஞ்சர் ஆகாத போம் சில்லு எண்டு விற்பினம். இடுப்பு நோகிற நாய்க்கு நான் அதைச் சொல்லமாட்டன். ஒவ்வொரு பள்ளமும் அப்படியே தளத்துக்கு ஏறும். காத்துச் சில்லில காத்தையும் இறுக்கமா அடிக்காதீங்கோ. ரயரின் பக்கத்தில உச்ச அளவு எழுதியிருக்கும், 35 பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு) எண்டு இருந்தா வீதிக்கு 25 போதும், மணலுக்கு 15 முதல் 20 வரை. ஆனா 15இல வைச்சுக்கொண்டு கிடங்குள்ள வீதியில வேகமாத் தள்ளினா றிம்மில ரியூப் நசிஞ்சு பக்கத்தில பக்கத்தில இரண்டு ஓட்டை விழும். அப்பிடி இரட்டை ஓட்டை கண்டா முள்ளைத் தேடாதீங்கோ, காத்துக் குறைஞ்சதுதான் காரணம்.

திரும்புற முன் சில்லை மணலிலயும் கிடங்கிலயும் நேராப் பூட்டிவிடுங்கோ. பூட்டாட்டி அது குறுக்கால விழுந்து கலப்பை மாதிரி மண்ணைக் கிளறும். பூட்டின பிறகு திருப்புறதுக்குக் கைப்பிடியைக் கீழ அமத்தி முன் சில்லைக் கொஞ்சம் தூக்கித் திருப்புங்கோ.

கடற்கரை கேட்டிருந்தீங்க. உப்புவெளியிலயோ நிலாவெளியிலயோ காய்ஞ்ச மணலில தள்ளுறது நடக்காது, எந்த வண்டிலெண்டாலும். திருப்பி வைச்சு, பெரிய பின் சில்லு இரண்டும் முன்னுக்குப் போக நீங்க இழுத்துக்கொண்டு போங்கோ, அப்ப போகும். அலை நனைச்சு இறுகின கரையில தள்ளலாம். எங்கட கடலில வற்றுப் பெருக்கு கொஞ்சம்தான், அதால அந்த இறுகின பட்டை ஒடுக்கம். சில்லு கடல் தண்ணிக்குள்ள இறங்கவே கூடாது, பெயாரிங் போயிடும்.

உப்பு. இஞ்ச வண்டில்களைக் கொல்லுறது அதுதான். கரையில இருந்து வந்த கையோட குழாய்த் தண்ணியில கழுவுங்கோ. சில கிணறு உவர், அதில கழுவிப் பிரயோசனமில்லை. கழுவி நிழலில காய வைச்சு, போல்ட் தலைகளுக்கு மெல்லிசா கிறீஸ் பூசுங்கோ. அலுமினியச் சட்டத்தில இரும்புப் போல்ட் இருந்தா அது இரண்டும் உப்புக்காத்தில சேர்ந்து வெள்ளையாப் பொங்கி இறுகும், பிறகு கழட்டேலாது. வாங்கின உடனேயே ஒவ்வொரு போல்ட்டையும் ஒருக்காக் கழட்டி கிறீஸ் போட்டுப் பூட்டுறது நல்ல வேலை. மடிக்கிற மூட்டுக்கும் திரும்புற கூட்டுக்கும் எண்ணெய் விடாதீங்கோ, மணல் ஒட்டி அரைக்கும். மெழுகுதிரியைத் தேய்ச்சு விட்டாக் காணும். பெயாரிங் கரகரத்தா மாத்துங்கோ, கனக்க வண்டில்களில 608 அல்லது 6001 எண்டு பெயாரிங்கின் முகத்தில அடிச்சிருக்கும், இரண்டு பக்கமும் ரப்பர் மூடி உள்ளதை வாங்குங்கோ.

தையல்_அறை

நிலா, சில்லைப் பற்றி அண்ணா சொல்லிவிட்டார். உள்ளுக்கு என்ன போடுவது என்று நான் எழுதுகிறேன். நாய் வண்டிலில் இருக்க மறுப்பதற்குப் பயம் மட்டும் காரணமில்லை, அநேகமாகத் தளம்தான் காரணம்.

கடை வண்டில்களின் அடியில் துணியும் மெல்லிய மட்டையும்தான். 24 கிலோ ஏறினால் நடுவில் குழியாகும். நோவுள்ள நாய் குழியில் படுத்தால் எழும்ப முடியாது, ஒவ்வொரு குலுக்கலிலும் நடுவுக்கு வழுகும். 9 மி.மீ. பிளைவூட் ஒன்றை உள்ளளவுக்கு வெட்டி, மூலைகளை உருட்டி, அரத்தாள் போட்டு, வார்னிஷ் இரண்டு பூச்சுப் பூசி அடியில் வையுங்கள். வார்னிஷ் இல்லாவிட்டால் நவம்பர், டிசம்பர் மழைக்குப் பிளைவூட் பிரிந்துபோகும். அதற்கு மேல் 5 செ.மீ. தடிப்பில் இறுக்கமான மெத்தைப் போம். கைமுட்டியால் அமத்தும்போது பலகை தட்டுப்பட்டால் அது மெதுவான ஸ்பொஞ்ச், வேண்டாம்; 24 கிலோவுக்கு அது தாளைப் போலத்தான். போமை ரெக்சினில் முழுதாக மூடித் தையுங்கள், ஸிப் அடிப்பக்கம் வரட்டும். ரெக்சின் மேல் நேராகப் படுக்க விடக்கூடாது, வழுக்கும், வேர்க்கும். 6 மி.மீ. யோகாப் பாய் ஒரு துண்டு, அதன் மேல் பருத்தித் துவாய். துவாயை மட்டும் தினமும் கழுவினால் போதும். முதிய நாய்கள் சிறுநீர் விட்டுவிடும், ஆகவே துவாய்கள் இரண்டு மூன்று கைவசம் வேண்டும்.

அளவு எடுக்கும்போது நிற்கும் நாயை அளக்காதீர்கள். அவன் பக்கவாட்டில் கால் நீட்டித் தூங்கும்போது மூக்கிலிருந்து வால் தொடக்கம் வரையும், முதுகிலிருந்து பாதம் வரையும் அளவுங்கள். இடுப்பு நோகும் நாய்க்கு நீட்டிப் படுக்க இடம் வேண்டும்.

பாதுகாப்புக்கு உள்ளே ஒரு சின்னப் பட்டி தைத்துக் கொழுக்கி போடுங்கள். அதைக் கழுத்துப்பட்டியில் மாட்டவே கூடாது. பாய்ந்து இறங்கினால் கழுத்தில் தொங்கும். நெஞ்சுப் பட்டியின் முதுகு வளையத்தில் மாட்டுங்கள். பட்டியின் நீளம், படுக்கவும் எழும்பி இருக்கவும் விட வேண்டும், முன்னங்கால் விளிம்பைத் தாண்ட விடக்கூடாது.

சூட்டைப் பற்றி நீங்கள் கேட்டது நியாயமான பயம். நாய்க்கு உடம்பு வேர்ப்பதில்லை, இளைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். மூன்று பக்கமும் மூடிய கருப்புத் துணிப் பெட்டிக்குள் தன் மூச்சுச் சூட்டையே திருப்பி இழுக்கும். இரண்டு பக்கமும் கம்பி வலை மாதிரி நெட் துணி இருக்க வேண்டும், பின்பக்கமும் திறக்க வேண்டும். கூரைக்கு வெளிர் நிறத் துணி. மழைக்கென்று வரும் பிளாஸ்ரிக் உறையை வெயில் வந்ததும் கழற்றிவிடுங்கள், பத்து நிமிடத்தில் உள்ளே அடுப்பாகும். மே முதல் ஓகஸ்ட் வரை கச்சான் காற்று அடிக்கும் நாளில் காற்று இருக்கிறதே என்று ஏமாறக்கூடாது, அது வறண்ட சூட்டுக் காற்று, நிழலிலும் நாக்கு வறளும். அரை லீற்றர் தண்ணீரும் மடக்கும் கோப்பையும் வண்டிலில் எப்போதும் இருக்கட்டும்.

உப்புவெளி_நிலா

எல்லாருக்கும் பெரிய நன்றி. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், கொஞ்சம் சமாதானம்.

வண்டிலைப் போய்ப் பார்த்தேன். லேபிளில் 15 கிலோ. இருக்கை அகலம் 35 செ.மீ., சாய்ந்த இருக்கை. ஜிம்மி நீட்டிப் படுத்தால் 88 × 50 செ.மீ. ஆகவே அது சரிவராது என்று விளங்குகிறது. சில்லு மட்டும் 12½ தான், நல்ல நிலையில் இருக்கிறது. சைக்கிளுக்குப் பின்னால் பூட்டும் பிள்ளை டிரெய்லர் ஒன்று பழசாக விலைக்கு இருக்கிறது, இருவர் அமர்வது. அது நல்லதா, வெல்டிங் கடையில் புதிதாகச் செய்வது நல்லதா?

சில்லும்_செயினும்

இருவர் அமருற டிரெய்லர் எண்டா யோசிக்காமல் எடுங்கோ. வழமையா 40, 45 கிலோ தாங்கும், தளம் தரையில இருந்து 30 செ.மீ.க்குள்ள, அதால லேசில கவிழாது, சாய்பலகையும் 120 செ.மீ. போதும். சில்லு 16 அல்லது 20 அங்குலம், மணலுக்கு நல்லது. இருக்கையையும் பிள்ளைப் பட்டிகளையும் கழட்டிட்டுத் தையல் அக்கா சொன்ன பிளைவூட்டைப் போடுங்கோ. தளத்துணியில பாரம் விழாமல் பிளைவூட்டின் இரண்டு ஓரமும் சட்டத்தில தங்கவேணும், இல்லாட்டித் துணி தையலோட கிழியும். முன்னுக்கு ஒற்றைச் சில்லும் பின்னுக்குக் கைப்பிடியும் பூட்டுற இடம் இருக்கோ எண்டு வாங்க முதல் பாருங்கோ. இல்லாட்டி அந்தப் பிள்ளை வண்டிலின் முன் சில்லை, அதைப் பிடிச்சிருக்கிற முள்ளோட (போர்க்) வெட்டி எடுத்துப் பூட்டலாம். ஒரே குறை அகலம், 75 செ.மீ.க்கு மேல வரும். படலையையும் வீட்டு வாசலையும் முதல் அளந்து பாருங்கோ.

வெல்டிங் கடையில செய்யிறதெண்டா ஒண்டு கவனியுங்கோ. சைக்கிள் முன் சில்லைப் பொதுவா ஒரு பக்கம் மட்டும் பிடிச்சு வெல்ட் பண்ணிவிடுவினம். சைக்கிள் அச்சு இரண்டு பக்கமும் தாங்கத்தான் செய்தது. ஒரு பக்கம் மட்டும் பிடிச்சா முதல் கிடங்கிலயே வளையும், சில்லு உள்ளுக்குச் சரிஞ்சு சட்டத்தில உரசும். சில்லின் வெளிப்பக்கமும் ஒரு தகடு வந்து அச்சைப் பிடிக்கவேணும், அல்லது தள்ளுகதிரைச் சில்லு எடுங்கோ, அதின்ர தடிச்ச அச்சு ஒரு பக்கத்தில தாங்கும். சட்டத்துக்கு 1 அங்குல ஜிஐ பொக்ஸ் பார் (நாகம் பூசின சதுர இரும்புக் குழாய்) காணும். வெல்ட் பிடிச்ச இடத்தில நாகப்பூச்சு எரிஞ்சுபோகும், அந்த இடங்களைத் தேய்ச்சு அன்ரிகொரோசிவ் (துருத்தடுப்புப் பெயின்ற்) இரண்டு பூச்சு அடிக்கச் சொல்லுங்கோ. குழாயின் அடிப்பக்கம் 5 மி.மீ. ஓட்டை போடவேணும், இல்லாட்டி உள்ள நிண்ட தண்ணி உள்ளேயிருந்து துருவாக்கும்.

பாரம் எங்க விழுது எண்டு பாக்காமல் வண்டிலைப் பாவிக்காதீங்கோ. நாயின் பாரத்தில பத்தில ஆறு பங்கு முன்னங்காலில. தலை முன்னுக்குப் பாக்க ஏத்தினா முன் சில்லு அமந்து மணலில புதையும். தலை உங்கட பக்கம் பாக்கப் படுக்க வைச்சா பாரம் பெரிய சில்லுக்கு வரும், தள்ளவும் இலகு, அவனும் உங்களைப் பாத்துக்கொண்டு வருவான், பயம் குறையும். ஆனா அப்ப பின்னுக்குக் கவிழுமோ எண்டு சோதிக்கவேணும். 25 கிலோ அரிசிப் பையைக் கைப்பிடிப் பக்கத்து ஓரத்தில வைச்சு விடுங்கோ. முன் சில்லு தரையைவிட்டு எழும்பாட்டி சரி. எழும்பினா அச்சைப் பின்னுக்கு 8, 10 செ.மீ. நகத்தவேணும். நாயை ஏத்த முதல் அதே பையோட உங்கட ஒழுங்கை முழுக்க ஒருக்காத் தள்ளிப் பாருங்கோ, கிறீச் எண்டுற சத்தமும் இழுவையும் எல்லாம் அப்பவே தெரியும்.

கைப்பிடி உங்கட இடுப்புக்குக் கொஞ்சம் மேல, 95 முதல் 100 செ.மீ. கைப்பிடியில இருந்து ஒரு பட்டி மணிக்கட்டுக்கு வரட்டும். சரிவில கை நழுவினா அதுதான் பிடிக்கும்.

துறைமுக_நடை

நகரத்துக்குக் கொண்டுவருவதாக இருந்தால் இடங்களைப் பற்றிச் சில வார்த்தை.

உட்துறைமுக வீதி மட்டமாக இருக்கிறது, காற்றும் உண்டு, வண்டிலுக்கு அதைவிட நல்ல இடம் நகரத்தில் இல்லை. டச்சு பே பக்கம் பின்னேரம் சனம் கூடும், பட்டம், பந்து, கடலைக்காரர் எல்லாம், முதல் தரத்துக்கு அது வேண்டாம். பிரெட்ரிக் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயிலுக்கு ஏறும் வீதியைத் தவிர்க்கச் சொல்வேன். ஏற்றத்தை விட இறக்கம்தான் பிரச்சினை, 40 கிலோ உங்களை இழுக்கும். அதோடு அங்கே மான்கள். மானைக் கண்ட நாய் இடுப்பு நோவை மறந்து பாயும், நோவு பிறகுதான் தெரியும். மான்கள் நகரத்துக்குள்ளும் திரிகின்றன, அவை மேய்ந்த புல்லில் உண்ணி இருக்கும். நடந்துவிட்டு வந்ததும் காது மடல், விரல் இடுக்கு, வாலடி மூன்றையும் தடவிப் பாருங்கள். வண்டிலின் மெத்தைத் தையலிலும் உண்ணி ஒளியும்.

ஓர்ஸ்ஹில் போன்ற சரிவில் நிறுத்த நேர்ந்தால் வண்டிலைச் சரிவுக்குக் குறுக்காகத் திருப்பி நிறுத்திப் பிரேக் போடுங்கள். இறங்கும்போது நீங்கள் மேல்பக்கம் நின்று பின்னால் சாய்ந்து விடுவதை விட, வண்டிலைத் திருப்பி நீங்கள் கீழ்ப்பக்கம் நின்று பின்னோக்கி இறங்குவது பத்திரம்.

கட்டாக்காலி நாய்கள் வண்டிலைக் கண்டால் நடந்துவரும் நாயை விட அதிகம் குலைக்கும், நகரும் பெட்டிக்குள் நாய் மணம் வருகிறதே. ஓட வேண்டாம், ஓடினால் துரத்தும். நெட் கதவை மூடி, வண்டிலுக்கும் அவைக்கும் நடுவில் நீங்கள் நின்று, மெதுவாகப் பின்வாங்குங்கள். குடையை விரித்துப் பிடித்தால் பெரும்பாலும் விலகும். விசர்நாய்த் தடுப்பூசி ஒவ்வொரு வருடமும் போட்டிருக்க வேண்டும், வண்டிலில் போகிற நாய்தானே என்று விடக்கூடாது.

நேரம்: காலை 7 மணிக்கு முதல், பின்னேரம் ஐந்தரைக்குப் பிறகு. தார் வீதியில் புறங்கையை ஏழு விநாடி வைத்திருக்க முடியாவிட்டால் அவனை இறக்கி நடக்கவிடாதீர்கள். பின்னேரத்தில் வெயில் போனாலும் தார் சூட்டை வைத்திருக்கும், காலை நேரம்தான் மேல்.

உப்புவெளி_நிலா

டிரெய்லரையே எடுக்கிறோம். படலை 90 செ.மீ., போகும். கடைசிக் கேள்வி: அவன் ஓட்டோவுக்கே நடுங்குகிறவன். எப்படிப் பழக்குவது?

நாலுகால்_நலம்

அவசரப்படாமல் செய்தால் ஒன்று இரண்டு கிழமையில் பழகிவிடுவான். முதலில் கூரையையும் நெட்டையும் முழுக்கத் திறந்து, சில்லுகளுக்கு இரண்டு பக்கமும் செங்கல் வைத்து அசையாமல் செய்து, முற்றத்தில் அவன் வழமையாகப் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். அவனுடைய பழைய துவாயை உள்ளே போடுங்கள். தூக்கி ஏற்றாதீர்கள். சாய்பலகையின் அடியில் ஒரு துண்டு கருவாடோ அவித்த கோழியோ, பிறகு நடுவில், பிறகு உள்ளே. பலகையில் கால் வைக்கத் தயங்கினால் பலகையைத் தரையில் தட்டையாகப் போட்டு அதன் மேல் நடக்கப் பழக்கிவிட்டுப் பிறகு சாயுங்கள்.

தானாக ஏறிப் படுக்கத் தொடங்கியதும் சாப்பாட்டை உள்ளேயே கொடுங்கள். அதற்குப் பிறகுதான் செங்கலை எடுத்து ஒரு மீற்றர் தள்ளி நிறுத்துவது. ஓட்டோவுக்கு நடுங்குகிறவன் என்றால் அவனுக்குச் சத்தமும் அதிர்வும்தான் பயம். ஆகவே வெறும் வண்டிலை அவன் பார்க்கத் தள்ளிக் காட்டுங்கள், அந்தச் சத்தத்துக்குப் பழகட்டும். பிறகு முற்றத்தில், பிறகு ஒழுங்கை முடிவு வரை. வாயைச் சப்புக்கொட்டுவது, அடிக்கடி கொட்டாவி, காதை ஒட்டவைப்பது, கருவாட்டைக் கண்டும் வாய் வைக்காமல் இருப்பது, இவை வந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்தி, அடுத்த நாள் ஒரு படி பின்னால் தொடங்குங்கள். நெட்டை மூடுவது எல்லாவற்றுக்கும் கடைசி.

இளைப்பையும் கவனித்துக்கொள்ளுங்கள். நடந்த களைப்பு வண்டிலில் ஏறி ஐந்து பத்து நிமிடத்தில் தணியும். தணியாமல் சத்தமாக இளைத்தால், முரசு கடும் சிவப்பானால், எச்சில் பசையாக இழுபட்டால் சூடு ஏறிவிட்டது. நிழலில் இறக்கி, வயிறு, தொடை, பாதம் நனைய வழமையான தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். ஈரத்துவாயால் போர்த்தி மூடாதீர்கள், சூடு உள்ளேயே நிற்கும். தண்ணீரைக் குடிக்க வையுங்கள், ஆனால் வாய்க்குள் ஊற்ற வேண்டாம். உடல் வெப்பம் 39 பாகைக்குக் கிட்ட இருப்பது நாய்க்கு வழமை, 41 ஆனால் உயிராபத்து. தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஓட்டோவைக் கூப்பிடுங்கள். நடுங்கினாலும் பரவாயில்லை, அந்த நேரத்தில் மிருக வைத்தியரிடம் போய்ச் சேர்வதுதான் காரியம்.